பூஞ்சை பிடிக்காத டேப்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் வீட்டாரும் உடல் நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கத் தெம்பு வேண்டும். இங்கே தங்கள் தங்கைக்கு முதுகுவலி தவிர வேறு குறையில்லை. எனக்குக் குறை உண்டு, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். பதினான்கு வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால் எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிப் போட்டேன். நாலாவது தாளில் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நில அளவை அலுவலகத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கெல்லாம் ஒரு படி அனுப்பிப் பிழை இருந்தால் சொல்லச் சொன்னார்கள். பிழை இருந்தது. முப்பத்தேழாம் பக்கத்தில், 'நான் மேலாளராக இருந்தபோது' என்று தாங்கள் எழுதியிருக்கும் கட்டுரையில், பாராட்டு, நன்றி, மரம் நட்டது எல்லாம் முடிந்த பிறகு ஒரு வரி வருகிறது. 'வெள்ளிக்கிழமை நகல் எடுக்கப்பட்டிருந்தும், டேப்பில் பூஞ்சை பிடித்திருந்த காரணத்தால் படிக்க இயலாது போயிற்று.' அந்த வரியைப் படித்தபோது என் கையில் டீ இருந்தது. கீழே போட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் போடவில்லை, பொறுமையாகக் குடித்து முடித்தேன். பதினான்கு வருஷமாகப் பூஞ்சை என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு திரிகிறவனுக்கு அந்த அளவு பொறுமை வந்துவிடும்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் தங்கள் ஞாபகசக்தி மேல் எனக்கிருந்த மரியாதை அந்த முப்பத்தேழாம் பக்கத்தோடு போய்விட்டதால் மறுபடியும் சொல்கிறேன். ஊரிலுள்ள மனைகளின் நீள அகலம் முழுவதும், இருபத்திரண்டாயிரம் மனைகள், அலுவலகத்தின் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்கு நகல் எடுப்பது என் வேலை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, டேப் டிரைவ் என்ற அந்தக் கனமான பெட்டியில், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய கேசட்டைச் செருகி நகல் எடுத்து, நகல் அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது என்ற விதிப்படி வீட்டுக்குக் கொண்டுபோய், கம்பளித் துணியில் சுற்றி, பீரோவில் என் கல்யாண போட்டோ ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். ஒன்பது வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை விடாமல். மகளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்த வெள்ளிக்கிழமை உட்பட. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் கூரை ஒழுகி, திங்கட்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டதும் பெரிய கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது நான் ஒருத்தன்தான் கலங்காமல் வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்துவந்து தங்கள் கையில் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஒரே நாள் அது. பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலக வாசல் வரைக்கும்தான், ஆனாலும் நடந்தேன்.

தாங்கள் டேப்பையும் டிரைவையும் எடுத்துக்கொண்டு தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அங்கே இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. நான் வெளியே நின்றேன். பத்து நிமிஷம் கழித்து உள்ளே தடாலென்று ஒரு சத்தம். கதவைத் திறந்து, "டேப் படிக்கலை. பூஞ்சை பிடிச்சிருக்கு. டிரைவும் கை தவறிக் கீழ விழுந்துடுச்சு" என்றீர்கள். எட்டிப் பார்த்தேன். இரும்புப் பெட்டி, அதன் முகம் பிய்ந்து, உள்ளே இருந்த பல்சக்கரம் தரையில் உருண்டுகொண்டிருந்தது. ஒரு தடவை விழுந்தால் அப்படி ஆகாது மச்சான். தூக்கிப் போட்டால்தான் அப்படி ஆகும். அதற்காகத் தங்களுக்கு ஒரு மெமோ வந்தது, வரவேண்டிய பதவி உயர்வும் நின்றது. அந்தச் செய்தி கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். மற்றொரு டிரைவ் வாங்கிப் படித்துப் பார்க்கலாம் என்று மூன்று முறை மனுக் கொடுத்தேன். மூன்றிலும் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். என்னைக் காகிதமும் கோந்தும் வைத்திருக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கேயே இருந்து அங்கேயே ரிட்டயர் ஆனேன்.

கிடங்கு கூடப் பரவாயில்லை. பூஞ்சைதான் தாங்க முடியவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் டப்பாவை மூடிக்கொள்வார். இருபத்திரண்டாயிரம் மனையையும் இரண்டு வருஷம் வெயிலில் அலைந்து மறுபடி அளந்தார்களே அந்த அளவையாளர்கள், அவர்களில் ஒருவர் என் மகள் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் என்னைப் பார்த்து, "பூஞ்சை சார், உங்க டேப்பால என் ரெண்டு முழங்காலும் போச்சு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பூஞ்சைன்னா என்ன மாமா, குடும்பப் பேரா?" என்று மாப்பிள்ளையே கேட்டார். இந்த அவமானத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கலாம், ஆனால் தங்களுக்குத்தான் நான் பத்திரிகை வைக்கவில்லையே. தங்கள் தங்கையையும் தங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொன்னேன். ஏறவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தங்களோடு போனில் பேசுகிறாள் என்று தெரியும். குழாய்ச் சத்தத்தை வைத்தே எத்தனை நிமிஷம் பேசினாள் என்று கணக்குச் சொல்லிவிடுவேன்.

ஆகவே முப்பத்தேழாம் பக்கத்தைப் படித்த அன்றைக்கே முடிவெடுத்தேன். விசாரணை முடிந்து திருப்பித் தந்த அந்த டேப் இன்னும் பீரோவில் அதே கம்பளித் துணியில் இருக்கிறது. அதில் பூஞ்சை இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். இன்னொரு டிரைவைக் கண்டுபிடித்து, மகள் வாங்கிக் கொடுத்திருக்கும் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டி, இருபத்திரண்டாயிரம் மனையையும் திரையில் ஓடவிட்டு, தங்கள் முகத்தில் கரியைப் பூசுவது. இதற்கு ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. மலர்க் குழுவினரின் சோம்பேறித்தனத்தால் மலரும் தள்ளிப் போய்க்கொண்டே வந்தது. எனக்காகக் கடவுள் செய்த ஒரே காரியம் அதுதான்.

முதலில் டிரைவ் கிடைக்க வேண்டுமே. கம்ப்யூட்டர் விற்கிற கடைகளில் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு கடையில், "டேப்பா? தையல் கடை எதிர்ல இருக்கு சார்" என்று வழி காட்டினார்கள். கடைசியில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டேன். கடைக்காரர் அதைக் கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அதே கம்பெனி, அதே மாடல், நம் அலுவலகத்தில் இருந்ததன் கூடப்பிறந்தது. நான் அதன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர், "அதை எடுத்துட்டா கதவுக்கு நான் என்னத்தை வெக்கறது?" என்று கவலைப்பட்டார். வீட்டுக்குப் போய் மறுநாள் இரண்டு செங்கல் கொண்டுவந்து கொடுத்தேன். வாழ்க்கையில் அவர் செய்த நல்ல வியாபாரம் அது என்று அவர் முகம் சொன்னது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மகள் கொடுத்த கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தால், அது டிபன் தட்டு மாதிரி இருக்கிறது, இது இஸ்திரிப் பெட்டியை விடக் கனக்கிறது. இதன் கேபிளோ கைக்குட்டை அகலம், நுனியில் ஐம்பது ஊசி. தட்டில் ஓரமாக இரண்டே இரண்டு சின்னப் பொந்து. எந்தப் பொந்தில் எந்த ஊசியைச் செருகுவது? மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, அதெல்லாம் இப்ப யாரும் வெச்சுக்கறதில்லப்பா. எல்லாம் மேல கிளவுட்ல இருக்கு" என்றாள். இருபத்திரண்டாயிரம் மனையைத் தண்ணீரில் தொலைத்தவனிடம் மேகத்தைப் பற்றிச் சொல்கிறாள். போனை வைத்துவிட்டு, மூன்று தெரு தள்ளி இருக்கும் ரிப்பேர் கடைக்கு டிரைவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தக் கடையை நடத்துகிறவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வாயில் ஒரு திருகாணியை வைத்துக்கொண்டே பேசுவார். டிரைவைப் பார்த்ததும் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். அது மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது. "இது உயிரோட இருக்கா சார்?" என்றார். தெரியாது என்றேன். "இதை மாட்ட ஒரு கார்டு வேணும். கார்டைச் செருக உள்ள இடம் வேணும். உங்க தட்டுல இடம் கிடையாது. பெரிய பெட்டியா ஒரு கம்ப்யூட்டர் வேணும், புதுசா இருக்கணும், ஆனா பழைய இடம் ஒண்ணாவது விட்டு வெச்சிருக்கணும்." அப்படி ஒன்று கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. கார்டு கிடைக்க இன்னொரு மாதம். கார்டு வந்து, மாட்டி, சுவிட்சைப் போட்டால், திரையில் 'அறியப்படாத சாதனம்' என்று வந்தது. முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு நான் அலுவலகத்துக்குப் போனால் வாசலில் காவலாளி எனக்குச் சொல்கிற அதே வார்த்தை. புதுக் கம்ப்யூட்டருக்கு இதைப் பற்றிச் சொல்லித்தர ஒரு புரோகிராம் வேண்டுமாம். அதை எழுதவேண்டிய கம்பெனி மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம்.

இதற்குள் டிரைவ் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தது. உள்ளே டேப்பை உருட்டும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று உண்டு. வயதாகி அது உருகித் தாராகிப் போயிருந்திருக்கிறது. நல்ல காலம், அந்தப் பெண்மணி, "முதல்ல உங்க டேப்பைப் போடாதீங்க சார், வேற ஏதாவது பழசைப் போட்டுப் பாப்போம்" என்று பிடிவாதம் பிடித்தார். போட்ட பழசை அது மென்று, கறுப்பு நாடாவாக வெளியே துப்பியது. நான் என் டேப்பை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அது என் டேப்பாக இருந்திருந்தால்? அவர் சக்கரத்தைச் சுரண்டிக் கழுவி, சைக்கிள் வால்வில் போடுகிற ரப்பர்க் குழாயில் ஒரு துண்டு நறுக்கி மாட்டினார். அது சரியான அளவில் உட்கார்ந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வேலையைப் பார்த்து ஒருவர் சிரித்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. பூஞ்சை என்று சிரிப்பதைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

அடுத்தது மூடி. கேபிளின் கடைசி நுனியில் ஒரு மூடி போட வேண்டுமாம், இல்லாவிட்டால் அனுப்புகிற சமிக்ஞை சுவரில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்புமாம். அந்த மூடி இல்லாமல் மூன்று வாரம் மல்லுக்கட்டினோம். டிரைவ் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது, செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டாகத் தெரிந்தது. கடைசியில் அந்தப் பழைய சாமான் கடைக்காரரே தன் திருகாணி டப்பாவின் அடியிலிருந்து மூடியைத் தேடிக் கொடுத்து, "செங்கல் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார். பிறகு என் டேப்பின் உள்ளே இருக்கும் மெல்லிய பெல்ட். அது இற்றுப்போயிருக்கும், சுற்றினால் அறுந்து நாடாவோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, அந்தப் பெண்மணி என் டேப்பைத் திருப்புளியால் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு கேசட்டிலிருந்து எடுத்த பெல்ட்டை மாட்டி மூடிவிட்டு, "சார், கண்ணைத் திறங்க. பூஞ்சையெல்லாம் ஒரு பொட்டு கூட இல்ல. புதுசு மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார். மச்சான், அந்த வார்த்தைக்காகவே இந்தப் பாராவை எழுதினேன். மறுபடி ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

யாரோ புண்ணியவான்கள் இலவசமாக எழுதிப் பரப்பியிருக்கும் ஒரு சிஸ்டம் இருக்கிறதாம். பழசு எதையும் தூக்கி எறியாத ஜனங்கள் போலிருக்கிறது. அதைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், நேற்றுக் காலை பத்தேகாலுக்கு, டிரைவின் கம்பெனி பெயர், மாடல், எல்லாம் திரையில் வந்து நின்றன. சோதனைக்காக வேறொரு பழைய டேப்பைப் போட்டோம். ஓடியது. அந்த ர்ர்ர் என்ற சத்தம், நின்று, திரும்பி, மறுபடி ர்ர்ர். வெள்ளிக்கிழமை நாலு மணிச் சத்தம். நான் அழுதேன் என்று எழுதினால் தாங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், அழுதேன்.

டேப்பில் எல்லாம் இருக்கும் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். சொல்வேன். நகல் எடுப்பதற்குப் பன்னிரண்டு படிகளை என் கைப்பட எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டியிருந்தேன். ஒன்பது வருஷமும் அந்த அட்டையிலிருந்து ஓர் எழுத்துப் பிசகியதில்லை. நான் கம்ப்யூட்டர் வேலைக்கு மாறிவந்த மறு வருஷம் புதுப் புரோகிராம் போட வந்த ஆள், "சார், அட்டையில நாலாவது வரியை மாத்திக்குங்க" என்று பேனாவை எடுத்தான். கையைத் தட்டிவிட்டேன். வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கொரு வரியை மாற்றினால் ஒழுங்கு என்ன ஆவது? தினமும் ஒரு விதமாக வேலை செய்கிற தங்கள் கூட்டத்துக்கு நடுவே நான் ஒருத்தன்தான் ஒரே விதமாகச் செய்தேன். அதற்குத்தான் பூஞ்சைப் பட்டம்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பெண்மணி வீட்டுக்கு வருகிறார். உண்மையான டேப்பை இங்கேயே, என் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓட்டப்போகிறோம். அதற்கு முன்பே கடிதத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், ஏனென்றால் ஜெயித்த பிறகு எழுதினால் கோபம் தணிந்துவிடும், எனக்குக் கோபம் தேவைப்படுகிறது. தங்கள் தங்கை காலையிலிருந்தே சுற்றிச் சுற்றி வருகிறாள். "அதான் நேத்து ஓடிடுச்சே, இதோட விட்டுடக் கூடாதா? அந்த டேப்பை வேற எதுக்குப் போடணும்?" என்கிறாள். "உங்க அண்ணன் மூக்கு உடையுமேன்னு பயமா?" என்று கேட்டேன். நேரே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் தங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். முப்பத்தேழாம் பக்கத்தில் உள்ள அந்த வரியைத் தாங்களே அடித்துவிட்டு, 'மேலாளராகிய என் அஜாக்கிரதையால் டிரைவ் உடைந்ததாலும், வேறு டிரைவ் வாங்க நான் மறுத்ததாலும், நல்ல நிலையில் இருந்த டேப் படிக்கப்படவில்லை' என்று எழுதித் தர வேண்டும். வாசகத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், தாங்கள் சிரமப்பட வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும். தாங்கள் மாட்டேன் என்பீர்கள் என்பதும் தெரியும். ஆகையால் மலர்க் குழுவுக்கு நேற்றே ஒரு கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி விழாவில், எல்லா அளவையாளர்களும் கூடியிருக்கும்போது, மேடையில் மேஜை போட்டு, டிரைவை வைத்து, திரை கட்டி, அந்த வெள்ளிக்கிழமை டேப்பை நானே ஓட்டிக் காட்டுவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுச் செயலாளர் உடனே போனில் கூப்பிட்டுச் சம்மதம் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாகப் போட்டிருக்கிறார்கள், தங்கள் வாழ்த்துரைக்கு அடுத்தபடி. முழங்கால் போன அந்த அளவையாளருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்புகள். தங்கள் மனைவியார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் எப்போதும் மரியாதையாகவே நடந்துகொண்டார். தங்கள் பேரப் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நேர்மையான மேலதிகாரிகளிடம் வேலை பார்க்கும் பாக்கியம் பெற வேண்டும். தாங்கள் நீண்ட ஆயுளோடு, குறைந்தபட்சம் இருபதாம் தேதி வரையிலாவது, திடகாத்திரமாக இருக்க இறைவன் அருள்வானாக.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவனும், வேறு எந்த உறவையும் கோராதவனுமாகிய நான்.

பின்குறிப்பு: மணி ஆறு. அந்தப் பெண்மணி வந்தார், டேப்பைப் போட்டார், ஓடியது. ஒரு தடங்கல் இல்லை, ஓர் இடத்திலும் நிற்கவில்லை, முதலிலிருந்து கடைசி வரைக்கும் துல்லியமாகப் படித்தது. டேப் நல்ல நிலையில் இருந்தது என்று நான் சொன்னது முழுக்க உண்மை. அதில் எட்டே எட்டுப் பதிவுகள் இருந்தன. சோதனை மனை ஒன்று, நீளம் ஒன்று, அகலம் ஒன்று, உரிமையாளர் நான். சோதனை மனை இரண்டு, நீளம் இரண்டு, அகலம் இரண்டு, உரிமையாளர் நான். இப்படி எட்டு வரைக்கும். நான் கம்ப்யூட்டர் வேலைக்கு மாறிவந்த முதல் மாதம் தட்டச்சுப் பழகுவதற்காக அடித்தவை. புதுப் புரோகிராம் போட்டபோது எல்லா மனைகளையும் வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். என் நாலாவது வரி பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஓர் எழுத்துப் பிசகாமல், இந்த எட்டு மனையைத்தான் நகல் எடுத்துக் கம்பளியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

ரிப்பேர் கடைப் பெண்மணி, "வேற எங்கயாவது இருக்கும் சார்" என்று இரண்டு முறை தேடிவிட்டு, அப்புறம் திருகாணியை வாயில் போட்டுக்கொண்டார். தங்கள் தங்கை டீயோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். திரையைப் பார்க்கக்கூட இல்லை. "சோதனை மனைதானே இருக்கு?" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அண்ணன் அன்னைக்கே பாத்துட்டாங்க. எனக்குத்தான் முதல்ல போன் பண்ணாங்க. டேப்ல ஒண்ணுமே இல்லன்னு வெளிய தெரிஞ்சா உங்களை டிஸ்மிஸ் பண்ணிடுவாங்களாம். அதான் அந்த மெஷினைத் தூக்கிப் போட்டு உடைச்சுட்டாங்க. என்ன காரணம் எழுதறதுன்னு என்னைக் கேட்டாங்க. பூஞ்சைன்னு எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்கு அப்ப வேற எதுவும் தோணலை." அவள் சொன்னது இவ்வளவுதான். பதினான்கு வருஷம் அண்ணன் வீட்டுப் படி ஏறாமல் இருந்தவள் என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த அளவையாளரின் முழங்காலுக்கு இனி நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். வேறு வார்த்தை தெரியவில்லை.

"ஏழு மாசமா நான் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாயா அலைஞ்சேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "ஓடாதுன்னு நெனச்சேன்" என்றாள்.

கடிதத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் மலர்க் குழுவுக்குப் போன கடிதத்தைக் கிழிக்க முடியாதே. செயலாளருக்குப் போன் செய்து நிகழ்ச்சியை ரத்து செய்யச் சொன்னேன். "அதெப்படி சார், எல்லா அளவையாளருக்கும் சொல்லியாச்சு, அத்தனை பேரும் வராங்க" என்கிறார். மேலே கேட்ட எதையும் எழுதித் தர வேண்டாம், பூஞ்சை அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு உதவி. இருபதாம் தேதி வாழ்த்துரை முடிந்ததும் கீழே இறங்கிவிடாமல் டிரைவுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். மேஜையை நான் மேடை விளிம்பில் போட்டு வைக்கிறேன். தங்களுக்குத்தான் ஏற்கெனவே கை பழகியிருக்கிறது.